சீனக்குடாவும் திரியாயும்: ஒரு வேட்பாளரின் பேட்டி

வணக்கம் ஐயா,

நம் திருகோணமலை மாவட்ட வேட்பாளர் ஒருவர் போன கிழமை யூடியூப் அலைவரிசை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அதை வைத்து இரண்டு நாளாகச் சண்டை. "பேட்டி எடுத்தவரையே வாயடைக்க வைத்துவிட்டார்" என்கிறார் அண்ணா. "திரியாய்க் கிராமத்துச் சனத்தின் காணியைப் பற்றிக் கேட்டபோது ஆள் தடுமாறியதைப் பார்க்கவில்லையா?" என்கிறார் அப்பா. வரும் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தலில் நான் போடப்போவது என் முதல் வாக்கு. பேட்டியை வைத்து ஒருவரை எப்படி எடைபோடுவது?

சி., உப்புவெளி
(நவம்பர் 2024)

அன்புள்ள சி.,

அந்தப் பேட்டியை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், நாலைந்து பேரோடு, ஒருவருடைய போனில். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய பேச்சு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து, கொப்பியில் கேள்வியை ஒரு பக்கமும் பதிலை மறுபக்கமுமாக எழுதிக்கொண்டு திரும்பப் பார்த்தேன். சீனக்குடாவுக்கு நேரே பதில் பக்கத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒரு தாங்கியைக்கூட வெளியாருக்கு விடமாட்டேன்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022 ஜனவரியிலேயே அந்தத் தாங்கிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 99 தாங்கிகளில் 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடம். அந்தக் கம்பனியில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்தினுடையது. குத்தகை 50 வருடத்துக்கு. அப்படியென்றால் இவர் எதை விடமாட்டேன் என்கிறார்? ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யச் சொல்கிறாரா? அல்லது அந்த 61 தாங்கிகளின் வேலையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் கேட்கப் போகிறாரா? நாடாளுமன்றத்தில் 225 பேர், நம் மாவட்டத்துக்கு அதில் 4 பேர். அந்த நாலு பேரில் ஒருவராகப் போய் என்ன செய்வார்? பேட்டி எடுத்த தம்பி இதைக் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அண்ணாவுக்கு அது வாயடைப்பாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தத் தம்பி மீதும் கோபம்தான். அந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தால் போதும், பேட்டியே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இனி அப்பா சொன்ன இடம். அதை மட்டும் மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். கேள்வி வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "எல்லாக் காணியும் ஒரே சிக்கல் இல்லை. சிலது தொல்பொருள் திணைக்களம் மறித்தது, சிலது வன இலாகா எல்லை போட்டது. இரண்டுக்கும் வெவ்வேறு சட்டம். முதலில் சனத்தின் காணி உறுதிகளையும் பெர்மிட்டுகளையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்துக்கொண்டு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் காணி காணியாகக் கேட்க வேண்டும். எல்லாம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

அப்பாவிடம் சொல்லுங்கள், அந்தப் பேட்டியிலேயே உருப்படியான பதில் அதுதான். விஷயம் தெரிந்த மனிதர் யோசித்துக் கதைத்தால் அப்படித்தான் நின்று நின்று வரும். வயலை இழந்து, உறுதியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு அந்தப் பதிலில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. ஆனால் பேஸ்புக்கில் சுற்றுகிற துண்டு வீடியோவில் சீனக்குடா மட்டும்தான் இருக்கிறது. திரியாயை வெட்டிவிட்டார்கள். அவருடைய ஆட்களே அதைத் தோல்வி என்று நினைத்துவிட்டார்கள் போல. எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கிழமை அவர் ஒரு சிங்களத் தொலைக்காட்சிக்கும் பேட்டி கொடுத்தார். தமிழில் "இணைந்த வடக்கு கிழக்கு" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னவர், அங்கே "மாகாண சபைக்கு அதிகாரம் வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். 1988இல் இணைத்த மாகாணத்துக்கு நம் ஊர்தான் தலைநகராக இருந்தது. 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து பிரித்தது. இதைப் பற்றி ஒருவர் எந்த நிலைப்பாட்டையும் எடுக்கலாம். ஆனால் அதைச் சிங்களத்திலும் சொல்லும் தைரியம் வேண்டும். உங்களுக்குச் சிங்களம் விளங்காவிட்டால் விளங்கிய சிநேகிதி யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையும் பாருங்கள். என் கொப்பியில் அவருக்குக் குறைந்த புள்ளி அங்கேதான்.

சரி, அவருக்கு நான் போடுவேனா? விருப்பு வாக்கு மூன்று இருக்கிறது. திரியாய்ப் பதிலுக்காக ஒன்றை அவருக்கு என்று மனதில் வைத்திருக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் கூட்டம் உங்கள் பக்கம் வந்தால் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த 61 தாங்கிகளைப் பற்றி அவரிடம் நேரே கேளுங்கள். என்ன சொன்னார் என்று 14ஆம் திகதிக்கு முன் எனக்கு எழுதுங்கள்.