வேல்ஸில் சிறிய காடு ஒன்றை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் கையில் ஐம்பதாயிரம் பவுண்டு சேமிப்பு இருக்கிறதாம். வேல்ஸ் கிராமப்புறத்தில் நான்கைந்து ஏக்கர் காடு வாங்கி, நடுவில் ஒரு மரக்குடில் கட்டி, சனி ஞாயிறுகளில் போய்த் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஆறு ஆண்டுகளாக அப்படியொரு காட்டைக் கட்டி மேய்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்கலாம், குடிலை மறந்துவிட்டு.

என்னுடையது கார்மார்தன்ஷயரில், லாண்டைலோ என்ற சிற்றூருக்கு வடக்கே இருக்கும் ஒரு மலைச்சரிவு. நாலரை ஏக்கர். மேலே ஓக், நடுவில் ஆஷும் ஹேசலும், கீழே ஓடையோரம் ஆல்டர். விலை 46,000 பவுண்டு, வழக்கறிஞர் செலவு தனி. வீட்டுக்குக் கடன் தரும் வங்கிகள் காடு என்றால் பொதுவாகக் கையை விரித்துவிடும், கைக்காசுதான். வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 2018 முதல் வேல்ஸுக்கென்று தனி நிலப் பரிமாற்ற வரி இருக்கிறது. குடியிருப்பு அல்லாத நிலத்துக்கு இப்போது 2,25,000 பவுண்டு வரை ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. விலை 40,000 பவுண்டைத் தொட்டால் படிவம் மட்டும் தாக்கல் செய்ய வேண்டும்.

வாங்கிய அன்று ஈரோட்டில் இருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம்.

“கிணறு இருக்கிறதா? என்ன போட்டிருக்கிறார்கள்?”

“மரம்தான் அப்பா.”

“தென்னையா?”

“இல்லை, சும்மா மரம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “தடம் இருக்கிறதா?” என்றார்.

வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். இங்கே சிறிய காடுகள் பெரும்பாலும் எப்படி விற்பனைக்கு வருகின்றன என்றால், ஒருவர் நூறு ஏக்கர் தோப்பை மொத்தமாக வாங்கி, நம் ஊர் மனைப்பிரிவு போலத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அழகான வெல்ஷ் பெயர் சூட்டி விற்பார். துண்டு சிறியதாக ஆக, ஏக்கர் விலை ஏறும். சாலையை ஒட்டிய துண்டுக்குச் சிக்கல் இல்லை. உள்ளே இருக்கும் துண்டுக்குப் போக, அடுத்தவர் நிலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். நம் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் தட வழிநடை பாத்தியம்’ என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்கு இங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை எழுத்தெண்ணிப் படியுங்கள். நடந்து போக மட்டுமா, வண்டிக்கும் உண்டா? மரம் ஏற்றிய லாரிக்கு? உங்கள் விருந்தினர் காருக்கு? என் பத்திரத்தில் வண்டிக்கு உரிமை உண்டு. பராமரிப்புச் செலவை மட்டும் ‘அவரவர் பயன்படுத்தும் அளவுக்கேற்ப’ ஐந்து உரிமையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அளவை யார் அளப்பது என்று எழுதவில்லை. படித்துப் பார்த்துத் தலையாட்டிய என் வழக்கறிஞரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்தது வேலி. இரண்டாவது ஆண்டு வசந்தத்தில், தரையெங்கும் விரல் உயரத்துக்கு ஓக் கன்றுகள் முளைத்திருந்தன. எண்ணிப் பார்த்து மகிழ்ந்தேன். பதினைந்து நாள் கழித்துப் போனால் எல்லாம் மொட்டைக் குச்சி. முள்புதருக்குப் பின்னால் பதினொரு செம்மறி ஆடுகள் அசைபோட்டபடி, நான்தான் அத்துமீறி நுழைந்தவன் என்பது போலப் பார்த்தன. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கொஞ்சம் சூடாகவே போனேன். அவர் நல்ல மனிதர்; தேநீர் கொடுத்து, என் வரைபடத்தையே விரிக்கச் சொன்னார். எல்லைக்கோட்டின் மேல் எறும்பளவில் ஒரு ஆங்கில ‘T’ எழுத்து என் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அந்த எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்காரர்தான் வேலியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கத்திய வழக்கம். ஆட்டுக்காரர்தான் தடுக்க வேண்டும் என்ற நம் ஊர் நியாயத்தைப் பேசிப் பார்த்தேன். எழுத்து எழுத்துதான் என்றார்.

வில்லங்கம் பார்க்கும்போது கனிம உரிமையும் வேட்டை உரிமையும் பழைய எஸ்டேட் கையில் இருக்கின்றனவா, நிலத்தின் குறுக்கே பொது நடைபாதை போகிறதா என்றும் பாருங்கள். பொது நடைபாதையை நீங்கள் அடைக்க முடியாது. தெற்கு வேல்ஸ் என்றால் பழைய நிலக்கரிச் சுரங்கம் அடியில் உண்டா என்ற தேடலையும் விட்டுவிடாதீர்கள்.

இனி மரங்கள். நான் காட்டைப் பார்க்கப் போனது மே மாத முதல் வாரம். தரை முழுக்க நீலமணிப் பூக்கள். கால் வைக்கவே மனம் வரவில்லை. ஆஷ் மரங்களில் மட்டும் இலை இல்லை. ஆஷ் தாமதமாகத் துளிர்க்கும் மரம், சரி என்று விட்டுவிட்டேன். ஜூலையில் போனபோதும் உச்சிக் கிளைகள் எலும்பாகவே நின்றன. ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கருக வைக்கும் ஒரு பூஞ்சை நோய் 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. இன்று வேல்ஸில் அது இல்லாத பள்ளத்தாக்கைத் தேட வேண்டும். நோய் பிடித்த மரம் சுண்ணாம்புக் கட்டி போல நொறுங்கும். மரமேறிகள் அதில் ஏற மறுப்பார்கள், எந்திரம்தான் வர வேண்டும். என்னுடைய ஏழு மரங்கள் ஊராட்சிச் சாலையின் மேல் சாய்ந்திருந்தன. விழுந்தால் பொறுப்பு எனக்குத்தான். அவற்றை இறக்கிய செலவில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம். லார்ச் மரம் இருந்தால் இன்னொரு தொல்லை: 2010இலிருந்து வேல்ஸில் பரவும் ஒரு தொற்று உங்கள் லார்ச்சுக்கு வந்துவிட்டால், வெட்டச் சொல்லி அரசு நோட்டீஸ் வரும். ஆகவே பூவைப் பார்க்க மேயில் போங்கள். மரத்தைப் பார்க்க ஜூலையில் போங்கள். தடத்தைப் பார்க்க, மூன்று நாள் மழைக்குப் பிறகு ஜனவரியில் போங்கள்.

சொந்த மரம்தானே என்று இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது. மூன்று மாதக் காலாண்டு ஒன்றுக்கு 5 கன மீட்டர் வரை உரிமம் இல்லாமல் வெட்டிக்கொள்ளலாம். அதில் 2 கன மீட்டருக்கு மேல் விற்கக் கூடாது. அதைத் தாண்டினால் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் என்ற அரசு அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. வீட்டு அடுப்புக்கு விறகு என்றால் அந்த விலக்கே தாராளம். என்ன, இன்று வெட்டிய ஓக் இரண்டு ஆண்டு காய்ந்தால்தான் ஒழுங்காக எரியும். பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெட்டாமல் இருப்பதுதான் முறை. ஹேசல் புதர்களில் டார்மௌஸ் என்னும் சுண்டெலி அளவுப் பிராணி இருந்தால், சட்டம் அதன் பக்கம். கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது மழைக்காலமும் குளிரும்தான். சங்கிலி ரம்பப் பயிற்சி எடுக்காமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்; இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

சரி, குடில். காட்டில் குடியிருக்கவோ, வார இறுதி வீடு கட்டவோ திட்ட அனுமதி வேண்டும். அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காட்டு வேலைக்கான கருவிக் கொட்டகைக்கு வழியிருக்கிறது. உள்ளூர்த் திட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கொட்டகைக்குள் கட்டிலும் அடுப்பும் முளைத்தால் அவர்களுக்குத் தெரியாமல் போகாது. பொதுவாக ஆண்டுக்கு 28 நாள் வரை கூடாரம் அடிக்கலாம், எனக்கு அதுவே மிச்சம். நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்க, ‘ஒரே பூமி’ என்ற பெயரில் 2010 முதல் வேல்ஸில் ஒரு தனி வழி உண்டு. ஆனால் ஐந்து ஆண்டுக்குள் உங்கள் அடிப்படைத் தேவைகளில் பெரும்பகுதியை அந்த நிலத்திலிருந்தே ஈட்டிக் காட்ட வேண்டும். அது சனி ஞாயிறு ஆசைக்காரர்களுக்கானது அல்ல.

இவ்வளவு புலம்புகிறவன் ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். அக்டோபரில் ஓடையோரம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பிளாஸ்க் தேநீர் குடிப்பேன். மழை நின்று அரை மணி நேரம் ஆன பிறகும் காட்டுக்குள் மட்டும் இலை இலையாகச் சொட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் காரணம்.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். மரங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. தடத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தைச் செருப்புக் காலால் தட்டி, “இங்கே குறுக்கே ஒரு குழாய் பதித்துவிடலாமே” என்றார். பதித்துவிடலாம். அதில் என் பங்கு எவ்வளவு என்று மற்ற நால்வரிடமும் இன்னும் பேசி முடியவில்லை.