குரூஸ் லைட் எரியுது, வேகம் பிடிக்கவில்லை: கம்ப்யூட்டரைத் தொட முதல் இதைப் பாருங்கள்

தம்பி, கந்தளாய் ரோட்டில் குரூஸ் கண்ட்ரோலை (ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தைப் பிடித்து வைப்பது) 70இல் செட் பண்ணினால் அதன் லைட் எரிகிறது, ஆனால் வேகம் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கராஜில் சொன்னார்கள் என்று உடனே காரின் கம்ப்யூட்டரை மாற்றாதீர்கள், காசுதான் போகும்.

முதலில் பின்னுக்கு ஒருவரை நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள். காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் அணையாவிட்டால் குரூஸ் பிடிக்காது. மிதிக்கு மேலே உள்ள சின்ன சுவிட்சில் முட்டும் ரப்பர், பழைய கார்களில் பொடிந்து விழும். கால் விரிப்பில் அதன் துண்டு கிடந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

அது சரியென்றால் பொனட்டைத் திறவுங்கள். 90களின் கார் என்பதால் உங்கள் குரூஸ், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தால் ஆக்சிலேட்டரை இழுக்கிற வகையாக இருக்கலாம். இன்ஜினில் இருந்து வரும் மெல்லிய ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் காற்றுப் புகுந்து வேகம் நிற்காது. அப்புறம், திருகோணமலை உப்புக்காற்றுக்கு வயர் கனெக்டர்களும் பச்சை பிடிக்கும், கழற்றித் துடையுங்கள்.

ஓடும்போது ஸ்பீடோமீட்டர் முள் துள்ளுகிறதா? துள்ளினால் வேக சென்சரையும் பார்க்க வேண்டும், எழுதுங்கள்.