விளையாட்டுக் கழகத்தைச் சங்கமாகப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

“நண்பர்கள் பத்துப் பேர் கால்பந்துக் கழகம் நடத்துகிறோம், பதிவு தேவையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கூடி விளையாட மட்டும் என்றால் பொதுவாகத் தேவையில்லை. பணமும் ஒப்பந்தமும் நுழையும்போதுதான் சிக்கல். பல நாடுகளில் பதிவில்லாத குழுவைச் சட்டம் தன் பெயரிலேயே ஒப்பந்தம் போடக்கூடிய தனி அமைப்பாகப் பார்ப்பதில்லை. மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் பாக்கி விழும். வங்கிக் கணக்கும் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும்; அவர் கோபித்துக்கொண்டு போனால் பணமும் போனது போலத்தான்!

எத்தனை பேர் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவர் போதும். ஜெர்மனியில் பதிவுக்குக் குறைந்தது 7 பேர். இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமும் 7 பேரைத்தான் கேட்கிறது.

இலாப நோக்கமற்ற சங்கம் என்றால் சம்பாதிக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நுழைவுச்சீட்டு விற்கலாம், பயிற்சியாளருக்குச் சம்பளம் தரலாம். மிஞ்சியதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளத்தான் முடியாது.

விதிமுறைகளை எங்கிருந்தோ நகலெடுக்காதீர்கள். நிர்வாகிகளை யார் நீக்கலாம், கலைத்தால் சொத்து யாருக்கு என்ற இரண்டையும் தெளிவாக எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இன்னொன்று: விளையாட்டுச் சம்மேளனத்தில் சேர்வது வேறு, அரசுப் பதிவு வேறு. சம்மேளனத்தில் சேர்ந்தால் போட்டியில் ஆடலாம். சட்ட அந்தஸ்து தானாக வந்துவிடாது.