காணிக் கேள்வி–பதில்: முகாம் பக்கத்துக் காணியும் வெளிநாட்டுப் பணமும்

கே: திமிலதீவில் விமான நிலையத்துக்கு அருகே 20 பேர்ச் உறுதிக் காணி. கனடாக் குடியுரிமை பெற்ற தம்பியின் பெயரில் வாங்கலாமா? (கல்லடி)

இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் வாங்கலாம். எடுக்காவிட்டால் முடியாது. மட்டக்களப்பில் பிறந்தவர் என்பது இங்கே உதவாது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மாடி கட்டும் எண்ணம் இருந்தால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் முதலில் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

கே: இராணுவ முகாமிலிருந்து எத்தனை மீற்றருக்குள் வெளிநாட்டவர் காணி வாங்கக் கூடாது? (காரைதீவு)

வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் நமது இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தூரத்தைப் பார்ப்பதில்லை, வாங்குபவர் யார் என்று பார்க்கிறது. முகாம் வேலியோரக் காணியானாலும் படுவான்கரை வயலானாலும் அதே தடைதான். பாதிப் பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் உள்ள கம்பனிக்கும் அது பொதுவாகப் பொருந்தும். தூரக் கணக்கு வைத்திருப்பது யப்பான். 2021இல் சட்டம் இயற்றி, முக்கிய தளங்களைச் சுற்றிச் சுமார் 1 கிலோமீற்றரைக் கண்காணிக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து ஏறக்குறைய 12 மைலில், 370 ஏக்கரில் சீனக் கம்பனி ஒன்று சோள ஆலை கட்ட இருந்தது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று விமானப்படை எழுதியதும் 2023இல் நகரசபை அதைக் கைவிட்டது.

கே: அறுகம்பையில் வெளிநாட்டு நண்பர் ஒருவர் என் பெயரில் காணி வாங்கி விடுதி கட்டக் கேட்கிறார். தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். செய்யலாமா? (பொத்துவில்)

செய்யாதீர்கள். மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. எனக்கு இது வயிற்றெரிச்சல். சட்டத்தைச் சுற்றிப் போவதற்காக எழுதிய ஒப்பந்தத்துக்கு நீதிமன்றத்தில் பலமில்லை. உறுதி உங்கள் பெயரில் இருக்கும் வரை காணி சட்டப்படி உங்களுடையது. நாளை நீங்கள் இறந்தால் அது உங்கள் பிள்ளைகளுக்குப் போகும். அவர் தன் பணத்துக்காக உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். நீங்கள் கடன்பட்டால் கடன்காரன் அந்தக் காணியில் கைவைப்பான். 'அற்றோனித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுத்துவிட்டால் போதும்' என்று தரகர்கள் சொல்வார்கள். கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்தது. இவ்வளவும் உங்கள் இருவருக்குமான கஷ்டம். ஊருக்கு வரும் கேடு வேறு: கடலோரக் காணி யார் கையில் இருக்கிறது என்று எந்தப் பதிவேட்டிலும் தெரியாமல் போகிறது. முகாமுக்குப் பக்கத்தில் அந்நியர் வருகிறார் என்று பயப்படுகிற நாமே பெயரை வாடகைக்குக் கொடுத்தால், சட்டம் யாரைத் தடுக்கும்?

நண்பருக்கு நேரான வழி இருக்கிறது: குத்தகை, 99 வருடம் வரை. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: 30 வருடப் பதிவு.

கே: பெர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி) வெளிநாட்டுக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடலாமா? (அக்கரைப்பற்று)

முடியாது. பெர்மிட்டே பறிபோகும்.

கே: 1990இல் இடம்பெயர்ந்தோம். எங்கள் காணியில் இப்போது இராணுவ முகாம். திரும்பக் கிடைக்குமா? (ஊர் எழுதவில்லை)

ஊர் இல்லை, பரப்பு இல்லை, உறுதியா பெர்மிட்டா என்றும் இல்லை. இப்படி எழுதினால் நான் எதைப் பார்த்துப் பதில் சொல்வது? பொதுவாகச் சொல்கிறேன். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்படி 2ஆம் பிரிவு அறிவித்தல் (காணி தேவை என்று அரசு போடும் முதல் அறிவித்தல்) போடப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எடுத்திருந்தால் நட்டஈட்டைக் கேளுங்கள். எடுக்காவிட்டால், முகாம் இருப்பதனால் மட்டும் உங்கள் உறுதி செத்துவிடாது. அடுத்த கடிதத்துடன் உறுதியின் பிரதியை அனுப்புங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.