மார்கழியில் மலையேறும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மார்கழியில் குடும்பத்துடன் போடிமெட்டு வழியாக மூணாறு சென்று, ஓர் இரவு தங்கி, மறுநாள் அதிகாலையில் திரும்ப எண்ணியிருக்கிறோம். எங்களுடையது ஏழாண்டுப் பழைய பெட்ரோல் கார். பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓடுகிறது. குளிர்நாடுகளில் தனி டயர்களும் சங்கிலிகளும் பயன்படுத்துவதாகப் படித்தேன். நாங்கள் என்ன செய்துகொள்ள வேண்டும்?
ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: சங்கிலியும் பனி டயரும் உங்களுக்குத் தேவையில்லை. மூணாறைச் சுற்றியுள்ள செண்டுவரை, லெட்சுமி எஸ்டேட் போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் சில அதிகாலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் புல்வெளியில் உறைபனி படிவது உண்டு என்றாலும், சாலையை மூடும் பனிப்பொழிவு அங்கே இல்லை. இந்தப் பாதையில் உண்மையான ஆபத்து, எதிரே வருவது தெரியாமல் போவதுதான். ஆகவே கண்ணாடியிலிருந்தும் விளக்கிலிருந்தும் தொடங்குங்கள்.

ஐந்து பேர் ஏறிக் கதவுகளை அடைத்துக்கொண்டால் அவர்களுடைய மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து சில நிமிடங்களிலேயே பார்வையை மறைத்துவிடும். பலர் இதைக் கையால் துடைக்கிறார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துப் பரப்புவதால் எதிர்வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். சரியான வழி, ஏ.சி.யை இயக்கி, வெப்பத்தைக் கூட்டி, காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைப்பது. குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று கேட்பீர்கள். அதுதான் காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்கிறது. புறப்படுவதற்கு முந்தின நாளே கண்ணாடியின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவையுங்கள். வைப்பர் ரப்பர் கோடு கோடாகத் துடைத்தால் உடனே மாற்றிவிடுங்கள். காலையில் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடக்கூடும். இன்ஜினை ஓடவிட்டு, மெதுவாகச் சூடேற்றி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் போதும்.

மூடுபனியில் ஹெட்லைட்டை டிம்மில் மட்டுமே வைக்க வேண்டும். பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் நம் மலைப்பாதைகளில் பரவியிருக்கிறது. பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்புகிறீர்களா, நிற்கிறீர்களா என்பதே புரியாது என்பதால் இது மிகவும் தவறு. வண்டி நின்றுவிட்டால் மட்டுமே அதைப் போட வேண்டும்.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அதை ஓட்டக்கூடாது. ஈரமான கொண்டை ஊசி வளைவுகளுக்கு அதைவிடக் கூடுதலாக இருப்பதே நல்லது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும், உயரம் ஏறினாலோ மானி சற்றுக் கூடுதலாகக் காட்டும். எனவே போடியில் பார்த்த அளவை நம்பாமல், மூணாற்றில் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் மீண்டும் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறவாதீர்கள்.

ஊருக்குள் சிறு சிறு ஓட்டம் மட்டுமே ஓடும் காரின் பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆவதில்லை. மேலும், சித்திரை வெயிலில் நலிந்த பேட்டரியை மார்கழிக் குளிர்தான் காட்டிக்கொடுக்கும். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு 12.6 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

திரும்புகையில் தேவிகுளத்தை அடுத்த கேப் ரோட்டிலும் போடிமெட்டு இறக்கத்திலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாற்றாமல் இருந்தால் புறப்படுமுன் மாற்றிவிடுங்கள். அதிகாலையில் போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே வரும். சாலை குறுகும் இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் நின்று வழிவிட வேண்டும். என்னைக் கேட்டால், வெயில் ஏறி மூடுபனி விலகியபின் புறப்படுங்கள் என்பேன்.

கேள்வி: வண்டன்மேட்டில் உள்ள எங்கள் தோட்டத்தில் இரவில் நிற்கும் பழைய டீசல் ஜீப், குளிர்காலத்தில் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறோம். அது போதுமா?
ஒரு வாசகர், கம்பம்

பதில்: சாவியைத் திருப்பியதும் சுருள் வடிவில் எரியும் ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் திணறினால் இன்ஜினை முன்கூட்டியே சூடேற்றும் குளோ பிளக்குகளையும் பேட்டரி டெர்மினல்களையும் சோதியுங்கள். செல்ஃபைப் பத்து வினாடிகளுக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல், அரை நிமிடம் இடைவெளி விட்டு முயலுங்கள்.

வெறும் தண்ணீர் போதாது; அது உட்புறத்தில் துருவேற்றும், ஏற்றத்தில் விரைவாகக் கொதிக்கும். கூலன்ட்டும் சுத்திகரித்த நீரும் சரிபாதியாகக் கலந்த கலவை, ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பதைவிட, கொதிநிலையை உயர்த்தித் துருவையும் தடுக்கிறது என்பதே கம்பம்மெட்டு ஏறும் உங்கள் வண்டிக்கு முக்கியம். பழைய நீரை முழுவதும் வடித்து, அலசிய பின்பே அதை ஊற்ற வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.