மாமியாரின் இரவுக் கூச்சல்: முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 81. நான்கு வருடமாக டிமென்ஷியா என்ற மறதி நோய். சர்க்கரை, பிரஷர் உண்டு. உடம்பு மெலிந்து இப்போது 40 கிலோதான், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். டொனெபெசில், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டான், அம்லோடிபின் கொடுக்கிறோம். சிறுநீர் கசிகிறது என்று பத்து நாள் முன்பு ஆக்ஸிபியூட்டினின் சேர்த்தார்கள். ஐந்து நாளாக இரவெல்லாம் சத்தம் போடுகிறார், சேலையை அவிழ்க்கிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார். பகலில் கண்ணே திறப்பதில்லை, சாப்பாடும் பாதிதான் போகிறது. நோய் முற்றிவிட்டது, தூக்க மாத்திரை கொடு என்கிறார்கள் உறவினர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதே பெரும்பாடு. என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தூக்க மாத்திரை இப்போது வேண்டாம். குழப்பம் கூடும், எழுந்தால் விழுவார்.

டிமென்ஷியா பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லக் கூடுகிற நோய். ஐந்தே நாளில் ஆள் இப்படி மாறினால் உடம்பில் வேறேதோ நடக்கிறது என்று அர்த்தம். இதை டெலிரியம் என்போம். பகலில் மயங்கிக் கிடப்பது, இரவில் ஆர்ப்பாட்டம், இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. காரணத்தைப் பிடித்துச் சரிசெய்தால் பலர் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

எனக்கு முதல் சந்தேகம் ஆக்ஸிபியூட்டினின் மேல்தான். மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கூட்டுவதற்கு டொனெபெசில் கொடுக்கிறோம். ஆக்ஸிபியூட்டினின் அதே பொருளின் வேலையைத் தடுக்கிறது. சிறுநீர் அவசரத்தையும் கசிவையும் டொனெபெசிலே உண்டாக்கலாம். அதற்கு இன்னொரு மாத்திரை, அந்த மாத்திரையால் குழப்பம், குழப்பத்துக்கு ஒரு தூக்க மாத்திரை. வயதானவர்களின் மருந்துப் பையில் இந்தச் சங்கிலியை அடிக்கடி பார்க்கிறோம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் அவில் மாதிரி மாத்திரைகளும் இதே தொல்லையைத் தரும். அதையும் யாராவது கொடுக்கிறார்களா, பாருங்கள்.

சேலையை அவிழ்ப்பதை வெட்கம் மறந்துபோனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிறு முட்டுகிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காதவர் துணியைத்தான் பிடித்து இழுப்பார். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை மெதுவாக வையுங்கள். உருண்டையாக, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டு, லேசாக அழுத்தும்போது முகம் சுளித்தால், ஆக்ஸிபியூட்டினினால் சிறுநீர் தேங்கியிருக்கலாம். கசிவுதான் இருக்கிறதே, பிறகு எப்படித் தேங்கும் என்று கேட்பீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தாலும் வெளியில் கசிவாகத்தான் தெரியும். அப்படியானால் இன்றே குழாய் வைத்து எடுக்க வேண்டும். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்பதற்காகத் தேங்கவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

மலம் அடைத்துக்கொண்டாலும் இப்படிக் குழம்புவார்கள். மலம் போய் எத்தனை நாள் ஆகிறது? கெட்டித்துக் கிடக்கும் மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

அடுத்து சர்க்கரை. இந்த எடையில், பாதிச் சாப்பாட்டோடு, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு போவது எனக்குப் பயமாக இருக்கிறது. குளுக்கோமீட்டரில் இப்போதே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழித்து நன்றாக விழுங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் விடாமல் பார்க்க வேண்டும், அந்த மாத்திரையால் மறுபடி இறங்கும். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இந்த வயதில், இந்த நிலையில் சர்க்கரை கொஞ்சம் கூட இருப்பதைவிடக் குறைவதுதான் ஆபத்து. மூன்று மாதச் சராசரி (HbA1c) 8, 8.5 இருந்தாலும் நான் துரத்த மாட்டேன். பிரஷரும் அப்படித்தான். எடை குறைந்த உடம்புக்கு இரண்டு பிரஷர் மாத்திரை அதிகமாகியிருக்கலாம். படுத்திருக்கும்போது ஒரு முறை, பிடித்து நிற்கவைத்து ஒரு முறை அளந்து, மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைகளை நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அவருடைய மருத்துவருக்கு இன்றே போன் போட்டு, 'ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தலாமா, கிளிமிபிரைடைக் குறைக்கலாமா' என்று நேராகக் கேளுங்கள். சிறுநீர், ரத்த சோடியம் பரிசோதனைக்கு வீட்டுக்கே வந்து மாதிரி எடுக்கும் லேப் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் உங்கள் பகுதிக்கு வருவார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியும் ஆதரவு சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள்.

இரவில் சிறு விளக்கு எரியட்டும், மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். இல்லாத ஆளைப் பற்றிப் பேசினால் வாதாடாதீர்கள், சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலோடு கட்டவே கூடாது.

தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, காய்ச்சல், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் பலவீனம், தலையில் அடி: இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், பெரும்பாடாக இருந்தாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். அங்கே குழாய் போட்டால், எந்த நாளில் எடுப்பார்கள் என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.