கண், மூக்கு, கூந்தல் எழுதியும் ஆள் தெரியவில்லையே?

கேள்வி: முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். அவளுடைய நிறம், கண், மூக்கு, கூந்தல் என்று ஒரு பத்தி நிறைய வர்ணித்திருக்கிறேன். ஆனாலும் படித்தவர்கள், "ஆள் கண்முன் வரவில்லை" என்கிறார்கள். இன்னும் விரிவாக எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருப்பதிலேயே முக்கால்வாசியை எடுத்துவிடலாம். மாநிறம், அகன்ற கண், நீண்ட பின்னல் என்றால், ஷிஃப்ட் விடும் நேரத்தில் அந்தக் கம்பெனி வாசலில் நூறு பேர் அப்படி வருவார்கள். அதில் உங்கள் பெண் எவள்?

சங்க இலக்கியமான பொருநராற்றுப்படையில் ஒரு பாடினியை, அதாவது ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கும் பெண்ணை, முடியிலிருந்து அடிவரை வர்ணிக்கும் பகுதி உண்டு. கேசாதிபாதம் என்போமே, அந்த முறை. கூந்தல் ஆற்று அறல்போல (நீரோடிய மணலில் விழும் வரிபோல), நெற்றி பிறைபோல என்று வழக்கப்படிதான் தொடங்கும். பாதத்துக்கு வரும்போது பாருங்கள்: ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போன்ற சிறிய அடி. அரக்கை உருக்கிவிட்டாற்போன்ற செந்நிலத்தில் நடந்து, பரல்கல் குத்தி, மரல் என்ற செடியின் பழம்போலக் கொப்புளம் கண்டிருக்கிறது. அதனால் உச்சிப்பொழுதில் அவள் நடப்பதில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தை என்னால் சும்மா கடந்துபோக முடிந்ததில்லை. அவள் பிழைப்பு, வறுமை, நடந்த தூரம் எல்லாம் அந்தக் காலிலேயே இருக்கிறது.

உங்கள் டெய்லரிடமும் அப்படி ஓர் இடத்தைத் தேடுங்கள். வேலை முடிந்து வருகையில் புருவத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி. மெஷினில் குனிந்து குனிந்தே முன்னால் வளைந்துவிட்ட தோள். இந்த இரண்டே போதும். அப்புறம் அதைக் கதையில் வேலை வாங்குங்கள். பெண் பார்க்க வருகிற நாளில், "நிமிந்து உக்காருடி" என்று அம்மா அந்த முதுகில் தட்டட்டும்.

நிறத்தைச் சொல்வதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். "கறுப்பாக இருந்தாலும் களையாக இருந்தாள்" என்று கதைசொல்லி எழுதவே கூடாது. அந்த "இருந்தாலும்" ஒரு தீர்ப்பு. அதை வரப்போகிற மாமியார் சொல்லட்டும். அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

சரி, வெட்டியதையெல்லாம் தூக்கிப்போட வேண்டாம். உயரம், வயது, தழும்பு எந்தக் கையில் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 3-ஆம் அத்தியாயத்தில் இடக்கையில் இருந்த தழும்பு, 20-ஆம் அத்தியாயத்தில் வலக்கைக்குப் போய்விடுவது நாவல்களில் சாதாரணமாக நடக்கிறது.